படிவத்தில் இல்லாத கேள்விகள்

போன மாதம் ஒரு விடியற்காலை. எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தூய்மைப் பணியாளர்கள் ஆஜர் கொடுக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். மணி ஆறு ஆகவில்லை. தள்ளுவண்டிகளும் பேட்டரி வண்டிகளும் வரிசையாக நின்றன. பெண்கள் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மேஸ்திரி பெயர் கூப்பிடக் காத்திருந்தார்கள். அப்போது கையில் ஒரு கட்டுத் தாளோடு ஓர் இளைஞர் வந்தார். பக்கத்து ஊர்க் காலனிப் பிள்ளை. அரசுக் கல்லூரியில் எம்.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறார். தூய்மைப் பணியாளர்களின் பணித் திருப்தி என்று தலைப்பு எடுத்து ப்ராஜெக்ட் செய்கிறார்.

முதல் ஆளாக நின்ற அக்காவிடம் போய்ப் பணிவாகக் கேட்டார். "அக்கா, உங்க வேலையில நீங்க எந்த அளவுக்குத் திருப்தியா இருக்கீங்க? மிகுந்த திருப்தி, திருப்தி, நடுநிலை, அதிருப்தி, மிகுந்த அதிருப்தி. இதுல எதைப் போடட்டும்?"

அந்த அக்கா முதலில் மேஸ்திரியைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு போட்டுக்க தம்பி."

சம்பளம்? திருப்தி. மேலதிகாரி நடத்தும் விதம்? மிகுந்த திருப்தி. பணியிட வசதி? திருப்தி. அரை மணி நேரத்தில் இருபது படிவங்கள் நிரம்பிவிட்டன.

மேஸ்திரி வண்டியில் கிளம்பிய பிறகு டீக்கடையில் அதே அக்கா என்னிடம் சொன்னார்: "அந்தத் தம்பி நல்ல புள்ள. ஆனா அவரு பக்கத்துல நிக்கிறப்ப என்னத்தச் சொல்றது? நாளைக்கு வராதேன்னு சொல்லிட்டா நான் யாருகிட்டப் போயி நிக்கிறது?"

இன்னும் கொஞ்ச நாளில் அந்த ஆய்வு அட்டை போட்டுக் கல்லூரி நூலகத்தில் ஏறும். தூய்மைப் பணியாளர்களில் பெரும்பாலோர் தங்கள் பணியில் திருப்தியுடன் இருக்கிறார்கள் என்று அதன் கடைசி அத்தியாயம் சொல்லும். அந்த மாணவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. நானும் வணிகவியல் படித்தவன். என் அம்மாவும் ஒரு நகராட்சியில் தெருக் கூட்டியவர். படிவம் கேட்கிற கேள்விக்கும் அந்த அக்கா வாழ்கிற வாழ்க்கைக்கும் நடுவே இருக்கிற தூரத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

பாடப்புத்தகம் சொல்வது

மேலாண்மைப் பாடம் படித்த எல்லோருக்கும் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் பெயர் தெரியும். அமெரிக்க உளவியலாளர். பிட்ஸ்பர்க் நகரப் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் சந்தித்து, வேலையில் எது உங்களுக்கு மகிழ்ச்சி தந்தது, எது உங்களை வெறுப்பேற்றியது என்று கேட்டார். அந்த ஆய்வு 1959இல் புத்தகமாக வந்தது.

அவர் கண்டது இதுதான். வேலையில் வெறுப்பை உண்டாக்குகிறவை ஒரு வகை. மகிழ்ச்சியைத் தருகிறவை வேறு வகை. சம்பளம், பணியிடச் சூழல், மேற்பார்வை, நிர்வாகத்தின் கொள்கை, சக ஊழியரோடு உறவு ஆகியவை முதல் வகை. இவை சரியில்லை என்றால் வெறுப்பு வரும். சரியாக இருந்தால் வெறுப்பு நீங்கும், அவ்வளவுதான். சாதித்தோம் என்ற உணர்வு, பாராட்டு, செய்கிற வேலையின் தன்மை, பொறுப்பு, பதவி உயர்வு ஆகியவை இரண்டாம் வகை. உண்மையான திருப்தி இவற்றிலிருந்துதான் பிறக்கும்.

இந்த முதல் வகைக்கு அவர் வைத்த பெயர் சுகாதாரக் காரணிகள். மருத்துவத்திலிருந்து எடுத்த சொல். குடிநீரைச் சுத்தமாக வைத்தால் நோய் வராமல் தடுக்கலாம், வந்த நோயை அது குணமாக்காது என்ற பொருளில் அப்படிச் சொன்னார். நான் மாணவனாக இருந்தபோது வகுப்பில் இந்தச் சொல்லைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டேன். ஊருக்கே சுகாதாரம் தருகிற என் அம்மாவுக்கு அந்தப் பட்டியலில் இருந்த ஒன்றுகூட வாய்க்கவில்லை.

ஹெர்ஸ்பெர்க் கேட்டது பொறியாளர்களையும் கணக்காளர்களையும். அவர்கள் அந்த வேலையை விரும்பிப் படித்து, தேர்ந்தெடுத்துப் போனவர்கள். பிடிக்கவில்லை என்றால் வேறு நிறுவனத்துக்குப் போகலாம். பிறப்பைக் காட்டி வேலை ஒதுக்கப்பட்டவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும்? அதற்கு நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை.

அம்பேத்கர் சொன்ன பதில்

ஹெர்ஸ்பெர்க்கின் புத்தகம் வருவதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே, 1936இல், அண்ணல் அம்பேத்கர் இதைப் பேசியிருக்கிறார். லாகூரில் ஜாத்-பாத் தோடக் மண்டல் நடத்தவிருந்த மாநாட்டுக்காக எழுதி, அவர்கள் மாநாட்டையே கைவிட்டதால் தானே அச்சிட்டு வெளியிட்ட 'சாதியை அழித்தொழித்தல்' உரையில் அது இருக்கிறது. சாதி என்பது வேலையைப் பிரித்துக்கொள்கிற ஏற்பாடு என்று அதற்கு வக்காலத்து வாங்கியவர்களுக்கு அவர் பதில் சொன்னார். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரித்து அடுக்கி வைக்கிறது என்றார்.

அடுத்து அவர் சொன்னதுதான் நம் பொருளுக்கு முக்கியம். இழிவு என்று முத்திரை குத்தப்பட்ட வேலையை ஒருவர் தலையில் கட்டினால், அவருக்கு அந்த வேலை மீது அருவருப்பு வரும், எப்போது தப்பிக்கலாம் என்றுதான் மனம் அலையும், மனமும் அறிவும் ஒட்டாத வேலையில் திறமை எங்கிருந்து வரும் என்று கேட்டார். சாதி அறத்துக்கு மட்டும் கேடில்லை, தொழிலுக்கும் பொருளாதாரத்துக்கும் கேடு என்பது அவர் வாதம். பணித் திருப்தி பற்றி இந்தியாவில் ஒருவர் ஆய்வு செய்தால் அவருடைய முதல் அத்தியாயம் இங்கிருந்து தொடங்க வேண்டும்.

அவர் இதைப் புத்தகம் படித்து மட்டும் சொல்லவில்லை. 1917இல், கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துவிட்டு, தனக்கு உதவித்தொகை தந்த பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த அலுவலகத்தில் கடைநிலை ஊழியர்கள்கூட அவர் மேசைக்கு அருகே வராமல் கோப்புகளைத் தூரத்திலிருந்து வீசினார்கள் என்றும், குடிக்கத் தண்ணீர்கூட அவருக்குக் கிடைக்கவில்லை என்றும் அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சிகளின் விடுதியில் அடையாளத்தை மறைத்துத் தங்கியவரை, தடியோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள். வேலையை விட்டுப் பம்பாய்க்குத் திரும்பினார். அவருக்குப் படிப்பு இருந்தது, பதவி இருந்தது, சம்பளமும் இருந்தது. ஒரு குவளைத் தண்ணீரும் தலைக்கு மேல் ஒரு கூரையும் இல்லாததால் அந்த வேலையில் இருக்க முடியவில்லை.

1928இல் பம்பாய் நூற்பாலைகளில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. அந்த ஆலைகளில் நல்ல கூலி கிடைத்த இடம் நெசவுப் பிரிவு. அங்கே தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களைச் சேர்ப்பதில்லை. தறியில் நூலை மாற்றும்போது நாடாவின் துளை வழியாக நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். நம் ஆட்கள் வாய் வைத்த நாடாவில் தாங்கள் எப்படி வாய் வைப்பது என்று மற்றவர்கள் மறுத்தார்கள். எல்லாத் தொழிலாளரும் ஒன்று என்று கொடி பிடித்த சங்கங்களிடம், அப்படியானால் நெசவுப் பிரிவின் கதவை எங்களுக்கும் திறக்கும்படி உங்கள் கோரிக்கைப் பட்டியலில் எழுதுங்கள் என்று அம்பேத்கர் கேட்டார். கூலி உயர்வு கேட்கிற இடத்திலேயே அவர் சாதியைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே ஆலை, ஒரே முதலாளி, ஒரே சங்கு. ஆனாலும் யார் எந்தப் பிரிவில் நிற்பது என்பதைச் சாதி முடிவு செய்தது. இன்றைக்கும் எந்த அலுவலகத்தில் வேண்டுமானாலும் போய், கூட்டுகிறவர் யார், கோப்பு பார்க்கிறவர் யார் என்று கணக்கெடுத்துப் பாருங்கள்.

தண்ணீர் குடிக்காத காலைகள்

என் அம்மா வேலைக்குப் போகிற நாட்களில் காலையில் தண்ணீர் குடிக்க மாட்டார். கேட்டால், "குடிச்சா எங்கடா போறது?" என்பார். விடியற்காலை ஐந்தரைக்குக் கிளம்பி மதியம் வரை தெருவில் நிற்கிற பெண்ணுக்கு ஒதுங்க இடம் கிடையாது. யார் வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. நகரத்தின் கழிப்பறைகளைக் கழுவுகிற பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. நாற்பது வயதுக்கு மேல் அவருக்குச் சிறுநீரகத் தொந்தரவு வந்தபோது, தண்ணீர் நிறைய குடியுங்கள் என்றார் டாக்டர். அம்மா தலையை ஆட்டிக்கொண்டார்.

இன்றும் இது மாறிவிடவில்லை. கையுறை தருகிறார்கள். ஒரு வாரத்தில் கிழிகிற கையுறை. அளவு பொருந்தாத கால்பூட்ஸ். மட்கும் குப்பை, மட்காத குப்பை என்று தரம் பிரிக்கச் சொல்லி இரண்டு வாளி கொடுத்திருக்கிறார்கள். வீடுகளில் பிரித்துத் தருகிறவர் எத்தனை பேர்? உடைந்த கண்ணாடியும் ஊசியும் நாப்கினும் ஒன்றாகக் கட்டிய பையை அவிழ்த்துக் கையால் பிரிக்கிறவர் அந்த அக்காதான். இத்தனைக்கும் பிறகு 'பணியிட வசதி: திருப்தி' என்று படிவத்தில் டிக் விழுகிறது.

அடுத்தது ஒப்பந்த முறை. ஒரே தெருவை இரண்டு பேர் கூட்டுகிறார்கள். ஒருவர் நிரந்தரப் பணியாளர். இன்னொருவர் ஒப்பந்ததாரரின் ஆள். துடைப்பம் ஒன்று, குப்பை ஒன்று, வெயில் ஒன்று. சம்பளம் மட்டும் ஒன்றல்ல. ஒருவருக்கு விடுப்பு உண்டு, மற்றவருக்கு ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் இவருடைய பணிக்காலம் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கிராம ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்களுக்குத் தொகுப்பூதியம்தான். பல ஆண்டுகள் வேலை பார்த்தாலும் அவர்கள் அரசுக் கணக்கில் ஊழியர் இல்லை.

சம்பளத்தில் வருங்கால வைப்பு நிதிக்கு நூற்றுக்கு 12 பிடித்தம் போக, முதலாளியும் அதே அளவு கட்ட வேண்டும் என்பது சட்டம். இ.எஸ்.ஐ.க்கும் அப்படியே, தொழிலாளியின் பங்கு 0.75 விழுக்காடு, முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு. இந்தப் பணம் கட்டப்படுகிறதா என்று நம் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? சம்பளச் சீட்டு கையில் வருவதில்லை. ஒப்பந்ததாரர் கட்டத் தவறினால் வேலையை ஒப்படைத்த உள்ளாட்சி அமைப்புக்கும் பொறுப்பு உண்டு என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

இந்த நிலையில் இருக்கிறவர்களைப் பற்றி அலுவலகங்களில் ஒரு பேச்சு உண்டு. இவங்களுக்கு வேலையில அக்கறை இல்ல, அடிக்கடி லீவு போடுறாங்க, குடிக்கிறாங்க என்பார்கள். குடிப்பதை நான் நியாயப்படுத்தவில்லை, எங்கள் தெருவில் அது அழித்த குடும்பங்களை எண்ணச் சொன்னால் இரண்டு கை விரல்கள் போதாது. ஆனால் கழிவுநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்ததும் வருகிற நாற்றத்தை ஒரு நிமிடம் முகர்ந்தவர்களுக்குத் தெரியும், அதற்குள் தெளிந்த மனதோடு ஒரு மனிதன் இறங்க மாட்டான். மலக்குழிக்குள் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நீதிமன்றம் இழப்பீட்டை உயர்த்திக்கொண்டே போக வேண்டியிருக்கிறது என்றால் இன்னும் ஆட்கள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். இதில் மனப்பான்மையைத் திருத்திக்கொள்ள வேண்டியது யார்?

நாற்காலியும் கரண்டியும்

தூய்மைப் பணிதான் இழிவு, அதைவிட்டு வெளியே வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. வெளியே வந்தவர்களின் கதையையும் பார்ப்போம்.

2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசிப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளிக்குச் சத்துணவு சமைக்க அருந்ததியர் பெண் ஒருவர் மாறுதலாகி வந்தார். அவர் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள் என்று சாதி இந்துக்கள் சிலர் எதிர்த்தார்கள். எதிர்த்தவர்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டிய அதிகாரி, அந்தப் பெண்ணையே வேறு பள்ளிக்கு மாற்றி ஆணை போட்டார். போராட்டம் வெடித்த பிறகுதான் ஆணை திரும்பப் பெறப்பட்டது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் பதிவானது. அந்த அம்மா பல ஆண்டுகள் சத்துணவு சமைத்தவர். சாம்பாரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. கரண்டி யார் கையில் இருக்கிறது என்றுதான் பார்த்தார்கள்.

2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது. அவரும் பட்டியலினப் பெண். ஊராட்சித் தலைவர் என்பதும் ஒரு வேலைதான். அதற்கு அலுவலகம் உண்டு, கையெழுத்து உண்டு, அதிகாரம் உண்டு. நாற்காலி மட்டும் இல்லை.

பட்டம் பெற்று நகரத்துக்குப் போன பிள்ளைகளிடம் பேசினால் இன்னொரு விதமான கதை கிடைக்கும். குளிரூட்டிய அறை, கழுத்தில் அடையாள அட்டை. சேர்ந்த முதல் வாரத்தில் சக ஊழியர் சிரித்துக்கொண்டே கேட்பார்: எந்த ஊரு? அந்த ஊர்ல எந்தத் தெரு? உங்க அப்பா என்ன பண்றாரு? மூன்றாவது கேள்விக்குப் பிறகு மதியச் சாப்பாட்டு மேசையில் இடம் மாறும். கோட்டாவுல வந்தவங்க என்று காதில் விழும்படி பேசுவார்கள். இந்தப் பிள்ளை ஒரு தவறு செய்தால் அது சாதியின் தவறு, நன்றாகச் செய்தால் அது குழுவின் வெற்றி. வேலையில் சாதித்த உணர்வும் பாராட்டும்தான் திருப்தி தரும் என்கிறது பாடம். அந்த இரண்டும் இவருக்கு வந்து சேரும் வழியில் யாரோ குறுக்கே நிற்கிறார்கள்.

மாலையா, ஆணையா

கொரோனா காலத்தில் தூய்மைப் பணியாளர்களுக்கு மாலை போட்டார்கள், ரூபாய் நோட்டு மாலை போட்டார்கள், பல ஊர்களில் காலைக்கூடக் கழுவினார்கள். அதற்கு முன் 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது பல மாவட்டங்களிலிருந்து தூய்மைப் பணியாளர்களை வண்டி வண்டியாகச் சென்னைக்குக் கொண்டுபோய் ஊரைச் சுத்தம் செய்தார்கள். அப்போதும் பாராட்டு வந்தது. துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாறியதும் நல்லதுதான். மரியாதையான சொல்லை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் பாராட்டில் இரண்டு வகை உண்டு. நீ திறமைசாலி, மேலே வா என்பது ஒரு வகை. நீ செய்வது புனிதமான வேலை, அங்கேயே இரு என்பது இன்னொரு வகை. நமக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் இரண்டாவது. புனிதம் என்றால் எல்லாச் சாதியினரும் அல்லவா போட்டி போட்டு வர வேண்டும்?

2025 ஆகஸ்ட் மாதம் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு 5, 6ஆம் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் 13 நாட்கள் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். தங்கள் மண்டலங்களின் வேலையைத் தனியாருக்கு விடக் கூடாது, எங்களைப் பணி நிரந்தரம் செய்யுங்கள் என்பது கோரிக்கை. நீதிமன்ற உத்தரவைக் காட்டி ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களைக் கைது செய்து அப்புறப்படுத்தியது. மறுநாள் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அரசு அறிவித்தது. காலையில் சூடான உணவு கிடைப்பது நல்ல காரியம், வெறும் வயிற்றோடு துடைப்பம் பிடித்தவர்களின் பிள்ளை நான், அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டது ஆணை, கிடைத்தது உணவு. நிரந்தரம் என்று அவர்கள் கேட்டபோது சம்பளத்தை மட்டும் கேட்கவில்லை. நாளைக்கு வராதே என்று யாரும் சொல்ல முடியாத ஒரு நிலையைக் கேட்டார்கள். மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போதும் படிவத்தில் உண்மையைச் சொல்லக்கூடிய நிலை அதுதான்.

பதவி உயர்வு என்பதையும் நம் கண்ணால் பார்க்க வேண்டும். தூய்மைப் பணியாளர் இறந்தால் கருணை அடிப்படையில் வாரிசுக்கு வேலை தருகிறார்கள். பட்டம் படித்த பிள்ளைக்கும் அதே துடைப்பத்தை நீட்டுகிற கதைகளைப் பல ஊர்களில் கேட்கிறோம். மறுபக்கம், பட்டியலினத்தவருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு என்று 2009இல் வந்த உள் ஒதுக்கீடு, துடைப்பத்தைத் தாண்டி ஒரு கதவைத் திறந்தது. உள் ஒதுக்கீடு தர மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்தக் கதவு வழியாகப் போன முதல் தலைமுறை இப்போது ஆசிரியர்களாகவும் பொறியாளர்களாகவும் இருக்கிறது. என் தெருவில் பணித் திருப்தி என்று நான் கண்ணால் பார்த்தது, மகள் வாத்தியார் வேலையில் சேர்ந்த அன்று ஓர் அப்பா துடைப்பத்தைக் கூரையில் செருகியதைத்தான்.

கேட்க வேண்டியவை

மாணவர்களுக்குச் சொல்ல விரும்புவது இது. ஆய்வைக் கைவிடாதீர்கள். நம் பிள்ளைகள் நம் ஆட்களைப் பற்றி ஆய்வு செய்வது பெரிய விஷயம். கேள்விகளை மட்டும் மாற்றுங்கள். மேஸ்திரியும் சூப்பர்வைசரும் இல்லாத இடத்தில், வேலை முடிந்த பிறகு, அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேளுங்கள். திருப்தியா என்று கேட்காதீர்கள். நடந்ததைக் கேளுங்கள்.

வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்கிறீர்களா? ஒதுங்க எங்கே போகிறீர்கள்? கடைசியாகக் கையுறை கொடுத்தது எப்போது? சம்பளச் சீட்டு கையில் வருகிறதா? பி.எஃப். பணம் கட்டியிருக்கிறார்களா, உங்கள் யு.ஏ.என். எண் தெரியுமா? அலுவலகத்துக்குள் உங்களுக்கு உட்கார நாற்காலி உண்டா? டீ எந்த டம்ளரில் வருகிறது? உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள், பெயர் சொல்லியா, வாடி போடி என்றா? உங்களோடு சேர்ந்தவர்களில் யாருக்காவது மேஸ்திரி பதவி கிடைத்ததா, அவர் எந்தச் சாதி? இந்த வேலைக்கு உங்கள் பிள்ளை வருவதை விரும்புவீர்களா? இந்தப் பதில்களைக் கூட்டிப் பார்த்தால் திருப்தி எத்தனை விழுக்காடு என்பது தானே தெரிந்துவிடும்.

வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நியமனக் கடிதம் கேளுங்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் எல்லாத் தொழிலாளருக்கும் அது தரப்பட வேண்டும் என்கின்றன. படித்த பிள்ளையிடம் செல்பேசியைக் கொடுத்துப் பி.எஃப். கணக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாகக் கேட்கப் பயமாக இருந்தால் பத்துப் பேராகச் சேர்ந்து மனு எழுதுங்கள், நகல் ஒன்றை ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதும், எல்லோருக்கும் உரிமையுள்ள ஒரு வேலையைச் செய்யவிடாமல் தடுப்பதும், கையால் மலம் அள்ள வைப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 14566 என்ற எண்ணில் புகார் செய்யலாம், கட்டணம் இல்லை.

ஊராட்சித் தலைவர்கள், நகராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு கோரிக்கை. ஆஜர் போடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கழிப்பறை, ஒரு குழாய், உடை மாற்ற ஓர் அறை, உட்கார நாலு பெஞ்ச். இதற்குப் பெரிய திட்டம் வேண்டியதில்லை, ஒரு தீர்மானம் போதும். வாசகர்களே, உங்கள் வீட்டுக் குப்பையில் கண்ணாடித் துண்டு இருந்தால் தனியாகத் தாளில் மடித்துக் கொடுங்கள். அந்த அக்கா தண்ணீர் கேட்டால் நீங்கள் குடிக்கிற டம்ளரில் கொடுங்கள்.

அந்த எம்.காம். மாணவரை இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தேன். இதையெல்லாம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "சார், படிவம் கைடு கொடுத்தது. மாத்த விடமாட்டாங்க. பதினைந்து நாள்ல சப்மிட் பண்ணணும்" என்றார். நிரப்பிய படிவங்களை வாங்கிப் புரட்டினேன். ஒவ்வொன்றின் கடைசியிலும் 'பிற கருத்துகள்' என்று மூன்று வரிக் கோடு போட்டிருந்தது. இருபது படிவத்திலும் அது காலியாக இருந்தது.

"இதை மாத்த வேண்டாமே தம்பி. நிரப்பினால் போதும். சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போவோமா?" என்றேன்.

சிறிது நேரம் யோசித்தார். பிறகு சட்டைப் பையில் பேனா இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.